அக்கா வைத்த மூன்று எழுத்து

உப்பு விளைகிற ஒரே ஒரு ஊராம். அந்த ஒரே ஒரு ஊரில் இங்கிலீஷ் வார்த்தை தேடித் தேடிப் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டவர்கள் ஒன்பது பேராம். ஒன்பது பேருக்கும் ஒரே குரு, ஹெப்சிபா டீச்சர்.

சனிக்கிழமை தோறும் வாசகசாலை மாடியில் வார்த்தை ஆட்டப் பலகையை விரிப்பாள். ஆளுக்கு ஏழு எழுத்துக் கட்டை. கட்டைகளைக் கலைத்துக் கலைத்துப் பார்த்து, ஏழையும் ஒரே வார்த்தையாகக் கட்டுகிறவருக்கு ஐம்பது புள்ளி கூடுதல்.

சீடர்களில் மூத்தவர் வேதமாணிக்கம். பேப்பர் கடைக்காரர். டீச்சரைவிடப் பதினெட்டு வயது பெரியவர், இருந்தாலும் அவள் படியேறி வந்தால் எழுந்து நிற்பார். மூன்று எழுத்தைச் சொன்னால் போதும், அவை வருகிற ஏழெழுத்து வார்த்தைகளை மூச்சு விடாமல் அடுக்குவார். பாதிக்கு அர்த்தம் தெரியாது. ஆட்டத்துக்கு அர்த்தம் வேண்டியதும் இல்லை.

ஒரு வியாழக்கிழமை காலையிலேயே டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு நோட்டு. டீச்சர் சாப்பாட்டு மேசையில் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள்.

“வாங்க அண்ணாச்சி. கடை தொறக்கலையா?”

“தொறக்கல டீச்சர். அக்காவுக்கு மிச்சம் இருந்த கையும் இன்னைக்கு விழுந்துட்டு.”

அக்கா கனியம்மாள் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். புருஷன் போனபிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டாள். போன மாதம் வாதம் வந்து பேச்சு நின்றுபோனது. ஒரு கை மட்டும் கொஞ்சம் ஆடியது. தம்பி தன்னுடைய எழுத்துக் கட்டைகளை அவள் மடியில் கொட்டி, “என்ன வேணுமோ இதுல வையிக்கா” என்றிருக்கிறார். அவள் பொறுக்கிப் பொறுக்கி மூன்று கட்டை வைத்தாள். அதோடு கை சோர்ந்துவிட்டது.

“ஜே, ஈ, பி. அவ்வளவுதான் டீச்சர். இது வருத ஏழெழுத்து வார்த்தை ஒண்ணு விடாம எழுதிட்டேன். பதினோரு நாளா காதுப் பக்கத்துல இருந்து வாசிக்கேன். ஒண்ணுக்கும் கண்ணை அசைக்க மாட்டேங்கா. நான் விட்ட வார்த்தை எதுன்னு சொல்லுங்க. அவ போறதுக்குள்ள தெரியணும்.”

டீச்சர் நோட்டை வாங்கினாள். சிவப்புப் பேனா கையிலேயே இருந்தது.

“பேன்ஜோஸ். உங்க அக்கா கச்சேரிக்குப் போவாவளா?”

“எங்க போவா!”

அடித்தாள்.

“ஜாப்லெஸ். யாருக்கு வேலையில்லாம அவங்களுக்குத் தூக்கம் போச்சு?”

“யாருக்கும் இல்ல.”

அடித்தாள்.

“சப்ஜெக்ட்.”

“ஏதாவது முக்கியமான விஷயம்னு சொல்ல வந்தாளோ...”

“கண்ணை அசைச்சாங்களா?”

“இல்ல.”

அதையும் அடித்தாள். மூன்று பக்கம் அடித்து முடிக்கிறவரை அவர் நின்றுகொண்டே இருந்தார்.

“ஏழு எழுத்துன்னு யாரு அண்ணாச்சி சொன்னா?”

“நம்ம ஆட்டத்துல ஏழுதானே டீச்சர்.”

“அக்கா ஆடவா செஞ்சாவ?”



டீச்சர் அலமாரியிலிருந்து எழுத்துக் கட்டைப் பையை எடுத்து அதே மூன்று கட்டைகளை அவர் முன்னால் தள்ளினாள். “அவங்க வச்சபடி வைங்க.”

அவர் விரல் பட்டதும் கட்டைகள் முன்னும் பின்னுமாகப் புரண்டன.

“வச்சபடி.”

“அவ கையை எடுத்ததும் கலைச்சுட்டேன் டீச்சர். பழக்கம்.”

“கலைக்க முந்தி பாத்தீங்கல்லா?”

பார்த்திருந்தார். முதலில் ஜே. அடுத்து ஈ. அடுத்து பி. வைத்த கையை அக்கா நெடுநேரம் கட்டை மேலிருந்து எடுக்கவில்லை.

“உங்க வீட்டுல ஆறு வருஷமா ஒரு பேரு சொல்லக் கூடாதே, அண்ணாச்சி.”

ஜெபசிங். இங்கிலீஷில் எழுதினால் ஜே, ஈ, பி என்றுதான் தொடங்கும். கனியம்மாள் பெற்ற ஒரே பிள்ளை. அவனை டீச்சரிடம் கூட்டிவந்து விட்டதே இந்த மாமாதான். ஜில்லா இறுதி ஆட்டத்தில் மாமாவும் மருமகனும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மாமா ஏழு கட்டையையும் சேர்த்து வைத்து நிமிர்ந்து பார்த்தார். “இப்படி ஒரு வார்த்தை கிடையாது மாமா” என்றான் பையன். அகராதியைப் புரட்டினார்கள். கிடையாது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்று சாயங்காலம் அவன் பெட்டி தெருவில் கிடந்தது. “இந்த வீட்டுல ஒண்ணு அவன் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்” என்றார். வீடு அவருடையது. கனியம்மாளுக்கு அப்போது பேச்சு இருந்தது. போக்கிடம் இல்லை. அதனால் பேசவில்லை.

“ஆள் பேரு செல்லாது டீச்சர்,” என்றார் வேதமாணிக்கம். “முதல் நாளே நீங்கதான் சொல்லித் தந்தீங்க. பேரு வச்சா கட்டையத் திருப்பி எடுத்துக்கிடணும்னு.”

“சொன்னேன்.”

“அதான் எனக்குத் தோணல.”

டீச்சர் பேனாவை மூடிவைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

“தோணலையா?”

மேசையில் கிடந்த மூன்று கட்டைகளையும் பார்த்தபடி, “முதல் நாளே தோணிச்சு,” என்றார்.

அவள் நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து ஒரு நம்பரை எழுதி நீட்டினாள்.

“கொச்சியில இருக்கான். கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் எனக்கு போன் பண்ணுவான். ‘அம்மா எப்படி இருக்கா’ன்னுதான் முதல்ல கேப்பான்.”

“இப்ப கிளம்பினா எப்ப வருவான்?”

“ராத்திரி ஆயிரும்.”

“அது வரைக்கும் அவளுக்கு...” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். தாளை மடித்தார். பிரித்துப் பார்த்தார். மறுபடி மடித்தார்.

“அம்மா உன்னைத் தேடுதான்னு சொல்லுதேன். என்னைக்குத் தேடினான்னு கேப்பானோ?”

“கேப்பான்.”

“இன்னைக்குக் காலையிலன்னு சொல்லிருதேன், டீச்சர்.”

டீச்சர் மூன்று கட்டைகளையும் பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டினாள்.

“பதினோரு நாளாச்சுன்னு சொல்லுங்க, அண்ணாச்சி.”

வேதமாணிக்கம் நோட்டை அங்கேயே விட்டுவிட்டு, தாளை மட்டும் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கிப் போனார்.