ரெட்டைக் கல் மோதிரம்

“காற்று நிற்கவே மாட்டேங்குது மேடம்,” என்றான் நல்லசிவன்.

மலைமேல் தொலைநோக்கிக்குப் பக்கத்து அறை. மேடம்தான் அவன் ஆராய்ச்சிக்குக் குரு. அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லை.

“நின்றால்?”

“அந்த நட்சத்திரம் ஒண்ணா ரெண்டான்னு தெரிஞ்சிரும். தெரிஞ்சாத்தானே எனக்குப் பட்டம். ஆயிரம் படம் எடுத்தாச்சு. காத்து ஆட்டுறதில ஒவ்வொண்ணும் சிந்தின கடுகு மாதிரி புள்ளி புள்ளியா இருக்கு. எல்லாத்தையும் ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கிப் பார்த்தேன்.”

“என்ன வந்தது?”

“இட்லி.”

மகனைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருந்த பேச்சியம்மாள் மூலையிலிருந்து எழுந்தாள். பிளாஸ்க்கை எடுத்தாள். சில வருஷமாகவே அவளுக்கு வலது கை நடுக்கம்.

நல்லசிவன் பாய்ந்து போய் வாங்கிக்கொண்டான். “நீ உட்காரும்மா.”

“ஏன்யா, கை நடுங்கினா காப்பி கசந்திருமா?”

“சிந்திரும்.”

அவள் உட்கார்ந்தாள். மோதிரம் போட்ட கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

அது மறையும்வரை மேடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மா மோதிரத்தில் ரெண்டு கல், இல்லையா?”

“ஆமா,” என்றான் நல்லசிவன். “அப்பா போட்டது. பக்கத்தில வந்து பார்த்தீங்களா?”

“இங்கேயேதான் உட்கார்ந்திருக்கேன்.”

“அது எப்படி மேடம்? அவங்க கைதான் ஒரு நொடிகூட நிக்காதே.”

மேடம் முகத்தைத் தொங்கப்போட்டார். அவன் குரலிலேயே, மூக்கால் இழுத்து, “கை நிற்கவே மாட்டேங்குது மேடம்,” என்றார்.

பேச்சியம்மாள்தான் முதலில் சிரித்தாள். சிரிப்பில் கை வெளியே வந்துவிட்டது.

நல்லசிவன் அதைப் பார்த்தான். மோதிரம் மேலே போயிற்று, கீழே போயிற்று, பக்கவாட்டில் துள்ளிற்று. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருந்த இடம் மட்டும் துள்ளவில்லை.

அவன் கணினிக்குத் திரும்பினான். இட்லியை அழித்தான். முதல் படத்தை மட்டும் திறந்தான். புள்ளிக்கும் புள்ளிக்கும் இடைவெளி அளந்தான். அடுத்த படம். அதற்கடுத்தது. படங்களை விட்டுவிட்டு, அளவுகளை மட்டும் அடுக்கினான்.

புள்ளிகள் இடம் மாறிக்கொண்டே இருந்தன. ஒரே ஒரு இடைவெளி மட்டும், ஒரே திசையில், எல்லாப் படத்திலும் திரும்பத் திரும்ப வந்தது.

“ரெண்டு,” என்றான். மேடம் பக்கம் திரும்பி மறுபடி சொன்னான்.

மேடம் தலையை ஆட்டினார். “காப்பி இன்னும் வரலையே.”

நல்லசிவன் பிளாஸ்க்கை எடுத்தான். திறக்கவில்லை. டம்ளர்களோடு அம்மா முன்னாலிருந்த மேசையில் கொண்டுபோய் வைத்தான். அங்கிருந்த காகிதங்களை மட்டும் ஓரமாக நகர்த்தினான்.