வேலை செய்யாத தோகை

முன்னொரு காலத்தில், வெல்லம் என்றால் உயிரை விடும் ஓர் அரசன் இருந்தான். யார் எதைக் காதில் ஓதினாலும் உடனே ஆணை போட்டுவிடுவான். அவனைக் கட்டி மேய்ப்பது அரண்மனைக்கே பெரிய தலைவலி.

விகடகவி சொக்கேசனுக்கு அவன் ஒரு கரும்புத் தோட்டத்தை மானியமாகக் கொடுத்திருந்தான். அன்றிலிருந்து பிரதானி பஞ்சநாதருக்கு ஒரே வயிற்றெரிச்சல். ஒருநாள் காலையில், உழவர்கள் கரும்புத் தோகையில் காய்ந்துபோன இலையான சோகையை உரிப்பதைப் பார்த்துவிட்டு அரசனிடம் ஓடிவந்தார்.

"அரசே! வேர் நீர் குடிக்கிறது, தண்டு இனிப்பைச் சுமக்கிறது. தோகை மட்டும் காற்றில் ஆடிக்கொண்டு சும்மா நிற்கிறது. பச்சைத் தோகையையும் அறுத்துவிட்டால் இனிப்பு முழுவதும் தண்டுக்கே சேரும். சொக்கேசன் தோட்டத்திலேயே தொடங்கலாம்."

"பேஷ்! நாளைக்கே அறுத்துவிடுங்கள்!"

அவையில் இருந்த சொக்கேசன் தலையில் அடித்துக்கொண்டான். "தோகை போனால் பயிரே போய்விடும் அரசே!" என்று மன்றாடினான். யார் கேட்டார்கள்?

"சும்மா ஆடிக்கொண்டு நிற்பவர் எவருக்கும் என் நாட்டில் இடமில்லை" என்று சொல்லி எழுந்து போய்விட்டான் அரசன்.

அன்று மதியம் அவன் பசியோடு சாப்பிட உட்கார்ந்தான். இலையில் வெறும் அரிசி, துவரம்பருப்பு, காம்பு கிள்ளாத கத்தரிக்காய். பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர்.

"என்ன கூத்து இது? சமையற்காரர்கள் எங்கே?"

"களஞ்சியத்து அரிசி, தோட்டத்துக் காய், கிணற்று நீர், எல்லாம் வந்துவிட்டன அரசே" என்றான் சொக்கேசன். "கரண்டியை ஆட்டிக்கொண்டு நின்றவர்களைத் தங்கள் ஆணைப்படி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்."

"மடையா! சமைக்காமல் எப்படித் தின்பது?"

"அதைத்தானே காலையிலிருந்து தொண்டை வற்றக் கத்துகிறேன்! தோகைதான் கரும்பின் சமையற்கட்டு. நாம் வெளியே விடும் கெட்ட காற்றை அது உள்ளே இழுக்கிறது. வேர் நீர் அனுப்புகிறது. வெயில்தான் அடுப்பு. அங்கே சமைத்த சர்க்கரைதான் தண்டுக்குப் போகிறது. காய்ந்த சோகை அடுப்பு அணைந்த சமையற்கட்டு, அதை உரிக்கலாம். பச்சையை அறுத்தால் தண்டுக்குச் சர்க்கரை ஏது?"

அந்தக் கெட்ட காற்றைத்தான் நாம் இன்று கரியமில வாயு என்கிறோம். பிரதானியிடம் சொல்லியிருந்தால் அதற்கும் ஒரு வரி போட்டிருப்பார்.

அரசன் கத்தரிக்காயைப் பார்த்தான். பக்கத்தில் நின்ற பஞ்சநாதரைப் பார்த்தான். "ஆணை ரத்து. சொக்கேசா, பக்கத்துத் தோட்டமும் இனி உனக்கே. முதலில் சமையற்காரர்களைக் கூப்பிடு! வேறென்ன வேண்டும்?"

"அறுவடை வரை பிரதானியை என் தோட்டத்துக்கு அனுப்புங்கள் அரசே. வேலை எதுவும் வேண்டாம். கரும்புக்கு நடுவே உட்கார்ந்து வழக்கம்போல் பேசிக்கொண்டிருக்கட்டும். அவர் விடும் மூச்சு இனிமேலாவது இனிப்பாகட்டும்."

அரசன் பசியை மறந்து வயிறு குலுங்கச் சிரித்தான். அன்று மாலையே பஞ்சநாதருக்குக் கரும்புத் தோட்டத்தில் பாய் விரித்தாயிற்று.