பத்துப் பேர் கையில் மூன்று கன்ட்ரோலர்

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வீடியோ கேம் சென்டர் நடத்தும் பொன்னுலிங்கம் அண்ணாச்சியிடம் மூன்று பேர் வேலை பார்த்தார்கள்: வேலப்பன், சிலுவைமணி, பாஞ்சன். மூவர் மூளையையும் சேர்த்துக் கொட்டினாலும் ஒரு டீ கிளாஸ் நிறையாது. வேலப்பனுக்கு இந்த வேலைதான் உயிர். ஏற்கெனவே ஆறு கடையில் துரத்திவிட்ட ஆள். ஏழாவதும் போனால் பெண் கிடையாது என்று வருங்கால மாமனார் கறாராகச் சொல்லியிருந்தார்.

அன்று காலை அண்ணாச்சி மேசைமேல் மூன்று கன்ட்ரோலரை வைத்தார்.

“ஏலே, கடைக்கு எதை வாங்கன்னு தெரியல. பத்துப் பேர் கையில மூணையும் கொடுத்துப் பாருங்க. எதைக் கீழ விட ஆளுக்கு மனசே வரலையோ, அதுதான் நல்லது. சாயங்காலத்துக்குள்ள பதில் வரலைன்னா மூணு பேரும் கிளம்பிருங்க!”

வெள்ளை கன்ட்ரோலர் கொழுக்கு மொழுக்கென்று இருந்தது. நீலம் ஒல்லி. கறுப்புக்குப் பிடிக்கிற இடம் சொரசொரப்பு. பாஞ்சன் கறுப்பை எடுத்துச் சட்டைக்குள் விட்டு முதுகைச் சொறிந்துகொண்டான்.

“ஆகா! சொகம்னா இதாம்லே சொகம்!”

சிலுவைமணி வெள்ளையை வைத்துப் பொத்தான்களை எண்ணினான். “பதினாறு. நமக்கு விரல் பத்துதான். ஆறு விரலுக்கு எங்க போக?”

“மூணு பேரும் சேர்ந்து பிடிச்சா முப்பது விரல் ஆச்சே” என்றான் வேலப்பன்.

மூவரும் பிடித்தார்கள். பதினாலு விரல் மிச்சம். எந்த விரலுக்கு ஓய்வு என்பதில் சண்டை வந்து, மத்தியானம் ஆகிவிட்டது.

பிறகு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார்கள். டீக்கடைக்காரர் மூன்றையும் தொட்ட கையோடு திருப்பிக் கொடுத்தார். பூக்காரம்மா கையில் வாங்கவே இல்லை. அப்போதுதான் கோடு போட்ட சட்டைக்காரன் ஒருவன் கறுப்பைக் கையில் வாங்கினான், தடவிப் பார்த்தான், விறுவிறுவென்று ராஜபாளையம் பஸ்ஸில் ஏறிவிட்டான்.

“விட மனசே வரலலே அவனுக்கு!” வேலப்பனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

சாயங்காலம் மூவரும் வெறுங்கையோடு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கடைக்குள் நுழைந்தார்கள்.

“கறுப்புதான் அண்ணாச்சி! பஸ் நகர்ந்த பிறகும் மனுசன் விடல” என்றான் வேலப்பன்.

அண்ணாச்சி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். “மத்த ரெண்டும் எங்கலே?”

“நீங்க மூணையும் கொடுக்கச் சொன்னீங்களே? பின்னாலயே ஓடி ஜன்னல் வழியாப் போட்டுட்டோம். ரெண்டையும் அப்படியே பிடிச்சுக்கிட்டான். நல்ல ரசனைக்காரன்.”

அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். பத்துப் பேர் கணக்கு முடியாததால் தங்கள் வேலை போய்விடுமோ என்றுதான் அவர் கலங்குகிறார் என்று வேலப்பன் நினைத்தான். பாவமாகப் போய்விட்டது. பக்கத்தில் போய் ஆறுதலாகச் சொன்னான்:

“பயப்படாதீங்க அண்ணாச்சி, இன்னும் எட்டுப் பேர்தான் பாக்கி. ஆளுக்கு மூணுன்னு இருபத்துநாலு வாங்கிக் கொடுத்துருங்க. கடைசி பஸ்ஸுக்குள்ள முடிச்சுட்டு வந்துர்றோம்.”