குதிரைவாலிப்பட்டியின் நாற்பத்தேழு கிணறுகள்

மழை பொய்த்த மூன்றாம் வருஷம். குதிரைவாலிப்பட்டியில் மாடுகள் குட்டைச் சேற்றை நக்கிக்கொண்டிருந்தபோது அரண்மனைத் தண்டோரா வந்தது: நாலு ஆள் ஆழத்துக்கு யார் கிணறு வெட்டினாலும், கிணறு ஒன்றுக்குப் பத்துப் பணம்.

நாட்டாமை வெள்ளையப்பன் ஊரைக் கூட்டினார். ஊரில் அறிவாளி அவர்தான். மற்றவர்கள் அப்படிச் சொன்னார்கள், அவரும் மறுக்கவில்லை.

"நாலு ஆள்னா யார் யாரு?" என்று கேட்டான் மண்வெட்டிக்காரன் சடையாண்டி.

நியாயமான கேள்வி. பாதி நாள் பேசி, அரண்மனைக் காரியமாச்சே என்று உயரமான நாலு பேரையே பொறுக்கினார்கள். குழிக்குள் ஒருவர் தோள்மேல் ஒருவராக அவர்களை நிறுத்தி அளந்தார்கள். குழி வெட்ட ஆனதைவிட, அவர்களை வெளியே தூக்கத்தான் அதிக நேரம் ஆனது.

ஆறாவது குழியிலிருந்து சடையாண்டி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஏறி வந்தான்.

"தண்ணி வந்துருச்சு, நாட்டாமை."

நாட்டாமை குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

"எத்தனை ஆள் ஆழத்துல?"

"மூணுதான். இனிமே வெட்ட முடியாது. அளக்கவும் முடியாது, அடியில நிக்கிறவன் முங்கிருவான்."

"தண்டோராவுல தண்ணியைப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?"

"இல்லீங்க. கிணறுன்னுதான் சொன்னாங்க."

அதனால் மூட முடிவானது. மூன்று மாடு வைத்திருந்த ஓச்சம்மா, மூடுவதற்கு முன் ஒரு வாளி மொண்டுக்கலாமா என்று கேட்டாள்.

"எடுத்துக்க தாயி. எப்படியும் கெட்டுப்போன கிணறுதானே" என்றார் நாட்டாமை, இரக்கத்தோடு.

அதன் பிறகு ஈரம் தட்டாத இடமாகப் பார்த்தே வெட்டினார்கள். ஆடி பிறப்பதற்குள் நாற்பத்தேழு கிணறு. விதைக்க நிலம் மிஞ்சவில்லை. பணம் வந்தது. அந்தப் பணத்தில் பக்கத்து ஊரிலிருந்து வண்டி வண்டியாகத் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். பணம் தீர்ந்தது.

நாற்பத்தேழு கிணறு உள்ள ஊர் செழித்துக் கிடக்கும் என்று அரண்மனையில் கணக்குப் போட்டார்கள். மணியக்காரர் நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனார்: கிணறு ஒன்றுக்கு வருஷம் இரண்டு பணம் வரி. கட்டாவிட்டால் மாடு ஜப்தி.

ஓச்சம்மா மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "தொண்ணூத்தி நாலு பணத்துக்கு நாம எங்க போறது? கிணத்தைக் குறைக்க ஏதாச்சும் வழி பாருங்க."

சடையாண்டி நெடுநேரம் யோசித்தான். "ரெண்டு கிணத்துக்கு நடுவுல இருக்கிற மண்ணை எடுத்துட்டா, ஒரு கிணறாயிருமே."

நாட்டாமை கண்ணை மூடிப் பார்த்தார். "ரெண்டு பணம் மிச்சம்" என்றார்.

மறுநாளே வேலை தொடங்கியது. நாற்பத்தேழு இருபதாயிற்று, இருபது ஏழாயிற்று. நடுவில் வீடுகள் குறுக்கிட்டன. கூரையைப் பிரித்து வைத்துவிட்டு, அடியிலிருந்த மண்ணையும் எடுத்தார்கள்.

அடுத்த வருஷம் வரி வாங்க மணியக்காரர் வந்தபோது ஊர் இருந்த இடத்தில் ஊரைக் காணோம். கண்ணுக்கு எட்டிய மட்டும் பள்ளம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் வானத்தைத் தொடுகிற மண்மேடு. அதன் உச்சியில் ஊர்ச்சனமும் மாடுகளும். அவர் பள்ளத்தைச் சுற்றி வந்து, மேட்டில் தவழ்ந்து ஏறி, மூச்சு வாங்க நின்றார்.

நாட்டாமை இரண்டு பணத்தை இரண்டு கையாலும் நீட்டினார். "கிணறு ஒண்ணுதான் சாமி. எண்ணிப் பாத்துக்கலாம்."

மணியக்காரர் கீழே பார்த்தார். மேலே பார்த்தார்.

நாட்டாமை தொண்டையைச் செருமிக்கொண்டு பணிவாகக் கேட்டார்:

"மலைக்கு அரண்மனையில ஏதாச்சும் குடுக்கிறாங்களா சாமி? குடுத்தா, பக்கத்துல இன்னொண்ணு போட்டுருவோம்."