குழவியில் கட்டிய கடிகாரம்

“சாமி, இந்தக் கைக்கடிகாரம் குடுத்த காசுக்குத் தகுமுங்களா?”

பாவாத்தாள் இடது கையை நீட்டிக் கேட்டாள்.

சின்னச்சாமி அம்மியில் துவையல் அரைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

“உட்காருங்கம்மா,” என்றார்.

உட்காருவதற்கே அவள் ஒரு கையைத் தரையில் ஊன்ற வேண்டியிருந்தது.

உட்கார்ந்து ஒரு மூச்சு விட்டிருப்பாள். கடிகாரம் மணிக்கட்டில் தட்டியது. கொஞ்சம் எழுந்து நில்லுங்கள் என்று தன் முகத்தில் எழுதிக் காட்டியது.

“உட்கார்ந்தாப் பொறுக்காதுங்க இதுக்கு,” என்றாள். “என்ர மாமியா போனதுக்கப்புறம் இப்படி என்னை யாரும் எழுப்பினதில்லை.”

சாமி சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்தது. அவருக்கும் அன்று களைப்புதான்.

காவிரிக் கரையில் அது சின்ன மடம். பெரிய சாமி அடங்கிய பிறகு இவர் இருக்கிறார். பாவாத்தாளின் மகன் வயசுதான் இருக்கும். தான் பெற்ற பிள்ளை வயசில் ஒருவரிடம் போய் என்னத்தைக் கேட்பது என்று ஆரம்பத்தில் அவளுக்குக் கூச்சம். வியாழக்கிழமை வருவாள். விளக்குகளைத் துடைப்பாள். சமாதியைச் சுற்றிக் கூட்டுவாள். கும்பிட்டுவிட்டுப் போய்விடுவாள். ஒரு நாளும் வாய் திறந்து எதுவும் கேட்டதில்லை.

இன்றைக்குக் கேட்டுவிட்டாள்.

“யார் கேக்கச் சொன்னாங்க?”

“என்ர பையனுங்க. வாராவாரம் போன்ல கேக்கறான். குடுத்த காசுக்குத் தகும்தானேம்மான்னு.”

“தகும்னு சொல்றதுதானே.”

“சொல்லிட்டுத்தானுங்க இருக்கறேன்.”

சாமி குழவியை ஒரு இழுப்பு இழுத்தார்.

“அப்புறம் என்னங்கம்மா?”



மகன் கௌரிசங்கர் அயர்லாந்தில் இருக்கிறான். போன ஆடியில் அவன் அப்பா நாச்சிமுத்துவுக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டது. காலமெல்லாம் பஸ் ஓட்டி இரும்பாக இருந்த கை. விடிந்து பார்த்தால் நனைந்த துணி மாதிரிக் கிடந்தது. மகன் ஓடி வந்தான். லீவு தீரும் வரை அப்பாவின் காலடியிலேயே கிடந்தான். போகும்போது ஆம்பளைப் பிள்ளை, வாசலில் நின்று அழுதான்.

போனதும் இதை அனுப்பினான்.

டைட்டானியமாம். துருவே பிடிக்காதாம். தோலுக்கு ஒரு கெடுதலும் செய்யாதாம். ஒடிந்த எலும்புக்குள் வைக்கிறதே இதைத்தானாம். கடிகார முகத்துக்குப் போட்டிருக்கிற கண்ணாடியில் ஆணியால் கிழித்தாலும் கீறல் விழாதாம். மலிவானதும் கிடைக்கிறதும்மா, அப்பாவுக்குப் போய் அதை வாங்குவேனா என்றான். கையில் கட்டியிருந்தால் நாடி ஓடுவதும் நடந்த நடையும் அங்கே அவன் போனில் தெரியும். நான் பக்கத்திலேயே இருக்கிற மாதிரிதாம்மா என்றான்.

பார்க்க வந்த கொழுந்தனார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்தக் காசுக்கு ஒரு கறவை மாடு பிடித்துக் கட்டியிருந்தால் அண்ணனுக்கு நேரா நேரத்துக்குப் பாலாவது ஆகியிருக்குமே என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பாவாத்தாளுக்குத்தான் உள்ளே குத்தியது. பிள்ளை ஆசையாக அனுப்பியது.

“பட்டைதானுங்க சாமி ஒத்துக்க மாட்டேங்குது,” என்றாள் இப்போது.

சங்கிலிப் பட்டை கை முடியைப் பிடுங்கியது. ரப்பர் பட்டைக்குள்ளே வேர்த்துப் புண்ணாயிற்று. துணிப் பட்டையில், உடம்பு துடைத்துவிட்ட ஈரம் ஊறியே கிடந்தது. தோல் பட்டையும் வந்தது. எல்லாம் உசத்திதான். குறை சொல்ல முடியாது. ஆனால் படுக்கையில் கிடக்கிறவர் தோல் வெங்காயச் சருகு மாதிரி. எதைக் கட்டினாலும் தடம் விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் மகன் இன்னொரு பார்சல் அனுப்பினான். இதைவிட நல்லது ஒன்று இருக்கும்மா, அது ஒத்துக்கொள்ளும் என்பான். தளரவே மாட்டான்.

இதையெல்லாம் சாமியிடம் சொன்னாள். இதற்கு மேலே இருந்ததைச் சொல்லவில்லை.

“புண்ணாக்காத பட்டை எதாச்சும் இருக்குதுங்களா சாமி? பையனுக்குச் சொல்லோணும்.”

“புண்ணு எங்கே, காட்டுங்க.”

அவள் கையை நீட்டினாள்.

நீட்டிய பிறகுதான் அது யார் கை என்று அவளுக்கு உறைத்தது.

பின்னுக்கு இழுத்துக்கொள்ளவில்லை. இழுக்கத் தெம்பில்லை. சோப்புத் தண்ணீரில் ஊறி வெடித்த கை. அதில் மகன் அனுப்பிய கடிகாரம் பளபளவென்று இருந்தது. புண் ஒன்றும் இல்லை.

ஒரு நாள், நாச்சிமுத்துவின் புண் ஆறட்டும் என்றுதான் கழற்றினாள். பிள்ளை வாங்கியது வீணாகக் கிடக்க வேண்டாமே என்று தன் கையில் கட்டிக்கொண்டாள். அன்றைக்கு மகன் போனில் சிரித்தான். அப்பா விழுந்த பிறகு அவன் சிரித்து அவள் கேட்டதே இல்லை. அப்பா நடக்கறாரும்மா என்றான். நாடி எத்தனை நல்லா ஓடுது பாரும்மா என்றான்.

சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

மூடிக்கொண்டாள். இன்றைக்கு ஒரு நாள் பிள்ளை நிம்மதியாகத் தூங்கட்டும், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அந்த நாளைக்கு வரவே இல்லை.

வீடியோவில் அவர் முகத்தை மட்டும் காட்டுவாள். இப்போதுதான் நடந்துவிட்டு வந்து படுத்தார் என்பாள். தைக்கு வருவதாக இருந்தவன் சித்திரைக்கு வருகிறேன் என்றான். அப்பாதான் நடக்கிறாரே, லீவைச் சேர்த்து வைத்துக்கொண்டு வந்தால் கூட நாலு நாள் இருக்கலாம் என்றான். இப்போது சித்திரையையும் ஆனிக்குத் தள்ளுகிறான்.

இங்கே நாச்சிமுத்துவுக்குக் கஞ்சி இரண்டு ஸ்பூனுக்கு மேல் இறங்கவில்லை. வந்து பார்த்த டாக்டர், பார்க்க வேண்டியவர்களை வரச் சொல்லிவிடுங்கள் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அவருக்குக் கண் மட்டும் அந்தப் பக்கம் திரும்பும். மகன் இல்லை என்று தெரிந்ததும் மூடிக்கொள்ளும்.

சாமி அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கழட்டுங்க,” என்றார்.

கழற்றினாள். கடிகாரம் இருந்த இடம் வெளுத்துக் கிடந்தது.

சாமி அதை வாங்கித் தன் துண்டில் வைத்தார். துவையலை வழித்தெடுத்தார். குழவியைக் கழுவித் துடைத்தார். பிறகு அதன் ஒல்லியான நுனியில் கடிகாரத்தைச் சுற்றினார். கடைசி ஓட்டைக்குப் பட்டை எட்டியது. மாட்டினார்.

“நல்ல பட்டைதானுங்கம்மா. பாருங்க, கல்லுக்கு ஒரு புண்ணுமில்லே.”

“ஐயோ சாமி, அங்கே பையன்…”

“சாப்பிடுங்க.”

அவன் இப்போதுதான் தூங்கி எழுந்திருப்பான், கண் விழித்ததும் முதல் வேலையாக இதைத்தான் பார்ப்பான் என்று அவள் சொல்லச் சொல்ல, சாமி இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தார். சோறு வைத்தார். பருப்பு ஊற்றினார். ஓரத்தில் துவையல் வைத்தார்.

அவளுக்கு ஒருவர் இலை போட்டு எத்தனையோ மாதம் ஆயிற்று. நாச்சிமுத்துவுக்கு ஊட்டியது போக மிச்சக் கஞ்சியை நின்றுகொண்டே குடித்துத்தான் பழக்கம்.

பிசைந்தாள். கை வாய்க்குப் போகவில்லை. கண் குழவியிலேயே இருந்தது. கடிகாரத்தின் முகம் ஒரு தரம் மினுங்கியது. எதையோ தேடியது. அணைந்துவிட்டது.

சோற்றுக் கையோடு பாதி எழுந்துவிட்டாள்.

“நானே கட்டிக்கறனுங்க சாமி. அவன் பயந்துக்குவான்.”

“பயந்துக்கட்டுங்க.”

அவள் அப்படியே உட்கார்ந்தாள். முருகா, முருகா என்று உதடு மட்டும் அசைந்தது.

துணிப்பைக்குள் போன் அடித்தது.

சாமியைப் பார்த்தாள். அவர் காதில் விழாதவர் மாதிரி ரசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

இடது கையால் எடுத்தாள்.

“அம்மா, அப்பாவுக்கு என்னாச்சு? நாடியே காட்டலை. அம்மா, அப்பா எங்கே?”

பொய் நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றது. சார்ஜ் தீர்ந்துபோச்சு கண்ணு. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போய் மறுபடி கட்டிக்கொண்டால் நாடி ஓடும். நடை ஓடும். பிள்ளை சிரிப்பான். ஆனி வரும்.

ஆனி வரைக்கும் அவர் இருக்க வேண்டும்.

“அது கல்லுல கட்டியிருக்குது கண்ணு.”

“என்னம்மா சொல்றே?”

சொன்னாள். அப்பா கையில் கடிகாரம் இல்லாமல் போனது எப்போது என்று சொன்னாள். கஞ்சி இறங்காததைச் சொன்னாள். டாக்டர் சொன்னதைச் சொன்னாள். செருப்புச் சத்தத்துக்குக் கண் திரும்புவதையும் சொன்னாள். அழவில்லை. துவைத்த துணியை ஒவ்வொன்றாக உதறிக் கொடியில் போடுகிற மாதிரிச் சொல்லிக்கொண்டே போனாள்.

திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“அப்போ… அந்த நடையெல்லாம்?”

“நான்தான் கண்ணு.”

“ராத்திரியிலும் நடந்திருக்குதேம்மா. அப்பா தூக்கம் வராம நடக்கறார்னு நினைச்சேன்.”

“அதும் நான்தான்.”

போன் அணைந்துவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அணையவில்லை.

“நான் கிளம்பறேம்மா,” என்றான். வேறு மாதிரிக் குரல். சின்னப் பிள்ளையில் காய்ச்சல் வந்தால் அப்படித்தான் பேசுவான். தகும்தானேம்மா என்று இன்றைக்கு அவன் கேட்கவில்லை.

“பாத்து வா கண்ணு,” என்றாள்.

சாமி ரசம் ஊற்றினார்.

பாவாத்தாள் சாப்பிட்டாள். குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாள். இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லை. இலையை மடித்த பிறகு எழுந்திருக்கப் பார்த்தாள். கால் வலித்தது. முழங்காலிலிருந்து பாதம் வரை அப்படி ஒரு வலி. எத்தனை நாளாக வலித்துக்கொண்டிருந்ததோ, இப்போதுதான் தெரிந்தது.

“கொஞ்ச நேரம் இப்படியே உட்கார்ந்துக்கறனுங்க சாமி.”

“உட்காருங்க. எழுப்பறதுக்கு ஆளில்லே.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

வெயில் தாழ்ந்தது. வீட்டில் கொழுந்தனார் மனைவி நாச்சிமுத்துவுக்குக் காவலாக இருக்கிறாள். அவளை இதற்கு மேல் காக்க வைக்கக் கூடாது. பாவாத்தாள் சுவரைப் பிடித்து எழுந்தாள். சாமி குழவியிலிருந்து கடிகாரத்தைக் கழற்றினார். துண்டால் துடைத்துக் கொண்டுவந்தார்.

பழக்கத்தில் அவள் இடது மணிக்கட்டை நீட்டினாள்.

அவர் அந்தக் கையை மெல்லத் திருப்பி, உள்ளங்கையில் அதை வைத்தார்.

படி இறங்கப் போனவள் நின்றாள்.

“தகுமா தகாதான்னு நீங்க சொல்லவே இல்லீங்களே சாமி.”

சாமி அம்மிக்குப் பக்கத்தில் குந்தி, குழவியை அதன் இடத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.

“பையன் வருவாரில்லீங்கம்மா. அவர் கையில கட்டிவிடுங்க. இங்கே அவர் நடக்கற நடைக்குத் தகுமுங்க.”