இரண்டாவது இறகு

குங்கிலி என்ற மலையணிலுக்கு வால் ஓர் இடத்தில் நிற்காது. மனமும் அப்படித்தான்.

மேற்கு மலைக் காட்டில், ஓடைக்கரையில் ஒரு பெரிய நாங்கு மரம். அதில் ஆறு பொந்துகள். முட்டையிட வரும் பறவைகளுக்கு அந்த மரம்தான் விடுதி. ஒரு பொந்தில் குங்கிலி குடியிருந்தாள். மற்ற ஐந்தையும் கூட்டிப் பெருக்கி, கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுத்துப் பார்த்துக்கொண்டாள்.

கார்த்திகை மழை ஓய்ந்ததும் பறவைகள் வந்து இடம் சொல்லி வைக்கும். தன் இறகில் ஒன்றைப் பிடுங்கிக் குங்கிலியிடம் கொடுக்கும். அவள் அதைக் குங்கிலியப் பிசின் வைத்துப் பொந்தின் வாசலில் ஒட்டிவிடுவாள். ஒரு பொந்துக்கு ஓர் இறகு. தை பிறந்து அந்தப் பறவை வரும்போது, வாசலில் தன் இறகைப் பார்த்து நேரே உள்ளே போகலாம். யாரும் ஏன் என்று கேட்க முடியாது.

எல்லாம் சரிதான். குங்கிலிக்கு ஒரே ஒரு குறை. "இடம் இல்லை" என்ற சொல் அவள் வாயில் வரவே வராது. கேட்டு வந்தவர் முகம் வாடிப் போகுமே என்று பயம்.

மூன்று வருஷம் முன்னால் குக்குறுவான் என்ற பச்சைக் குருவி ஒன்று இறகைக் கொடுத்துவிட்டு வராமலே இருந்துவிட்டது. பொந்து சும்மா கிடந்தது. அன்றைக்குத்தான் குங்கிலிக்கு அந்த யோசனை வந்தது.

'எப்படியும் ஒருத்தர் வரமாட்டார். இன்னோர் இறகும் வாங்கி வைத்தால் என்ன?'

அதிலிருந்து, எல்லாம் நிரம்பிய பிறகும் யாராவது வந்து கெஞ்சினால் வாங்கிக்கொள்வாள். அந்த இரண்டாவது இறகை வாசலில் ஒட்ட மாட்டாள். பட்டையின் இடுக்கில் ஒளித்து வைப்பாள். இரண்டு வருஷமும் அவள் நினைத்தபடியே யாரோ ஒருவர் வரவில்லை. குட்டு உடையவில்லை.

இந்த வருஷம் நடுமரத்துப் பெரிய பொந்துக்கு இருவாச்சிப் பறவைகள் இறகு கொடுத்திருந்தன. ஆண் பெயர் பொன்னலகன். பெண் பெயர் முத்தரசி. பெரிய உடம்பு, பெரிய அலகு. அந்த மலையிலேயே அவர்கள் நுழையக்கூடிய பொந்து அது ஒன்றுதான். முத்தரசி உள்ளே போய் உட்கார்ந்தால் வாசலை மண்ணால் அடைத்துக்கொள்வாள். அலகு நீட்ட ஒரு கீறல் மட்டும் விடுவாள். பொன்னலகன் வெளியிலிருந்து ஊட்டுவான். குஞ்சு பொரித்து ஓரளவு வளரும்வரை தாய் வெளியே வரமாட்டாள். அப்படி ஒரு தவம்.

அவர்கள் இறகு கொடுத்துப் போன மறுவாரம் மலைமைனா சொர்ணம் வந்தாள்.

"அக்கா! எனக்கு ஒரு இடம் தாங்கக்கா! கல்யாணமாகி முதல் முட்டை. உங்க மரம்னா பயமில்லைன்னு எல்லாரும் சொல்றாங்க!"

ஐந்தும் நிரம்பிவிட்டது. குங்கிலி வாயைத் திறந்தாள். 'இ' என்று தொடங்கினாள்.

"இ... இருக்கு, இருக்கு! இறகைக் கொடுத்துட்டுப் போ கண்ணு!" என்று முடித்தாள்.

தை பிறந்தது.

நான்கு பொந்துகளுக்கு உரியவர்கள் வந்து சேர்ந்தார்கள். பெரிய பொந்துக்கு முதலில் வந்தவள் சொர்ணம். குங்கிலி அவசரம் அவசரமாக வாசலில் இருந்த இருவாச்சி இறகைப் பிய்த்தாள். மைனாவின் இறகை அங்கே ஒட்டினாள்.

"ஏன்க்கா, இவ்வளவு பெரிய இடமா எங்களுக்கு? உள்ளே ஆடிப் பாடலாம் போலிருக்கே!" என்று சிரித்தாள் சொர்ணம். புருஷன் மைனா வைக்கோல் சுமந்து சுமந்து உள்ளே போட்டான்.

அன்றிலிருந்து குங்கிலிக்கு இருப்புக் கொள்ளவில்லை. மர உச்சிக்கு ஓடுவாள், கிழக்கே பார்ப்பாள். கீழே இறங்குவாள், ஓடைப்பக்கம் பார்ப்பாள். பலாக்கொட்டையைக் கடிப்பாள், பாதியில் போட்டுவிடுவாள். மறுபடி உச்சிக்கு ஓடுவாள்.

மூன்றாம் நாள் காலையில் அவள் உச்சிக் கிளையில் உட்கார்ந்து கண்ணை மூடினாள்.

"சாமி! இருவாச்சிங்க மட்டும் வராம இருக்கட்டும். உனக்கு முதல் அத்திப்பழம் நான் வைக்கிறேன்!"

பக்கத்துக் கிளையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஓணான் சடையன் தலையை மேலும் கீழும் ஆட்டினான்.

"என்ன அணிலம்மா, காலங்காத்தால சாமிகிட்டே பேரம்?"

"போடா வேலையத்தவனே! ஒட்டுக் கேட்கிறதே உனக்குப் பிழைப்பு!"

"கத்தி வேண்டினா காதுல விழத்தானே செய்யும்? சரி, ஒரு சந்தேகம். வருஷா வருஷம் தவறாம வர்றவங்க இந்த வருஷம் வராம இருக்கணும்னா, அவங்களுக்கு வழியிலே என்ன ஆகணும்?"

"என்ன ஆகணும்னா?"

"கழுகு அடிக்கணுமா? வேடன் சுடணுமா? இல்லே, காட்டுத்தீயா? சாமிக்கு வெவரமாச் சொல்ல வேண்டாமா? அது பாவம், எதைச் செய்யும்?"

சடையன் விளையாட்டாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டு ஓர் எறும்பைப் பிடிக்கப் போய்விட்டான்.

குங்கிலியின் வால் அப்படியே நின்றுவிட்டது.

மூன்று வருஷம் முன்னால் வராமல் போன குக்குறுவானின் ஞாபகம் வந்தது. பச்சை இறகு. சின்னக் குரல். "தையிலே வந்துடறேன் குங்கிலியம்மா" என்று சொல்லிவிட்டுப் போனதே! அதற்கு என்ன ஆயிற்று என்று அவள் ஒரு நாளாவது யாரையாவது கேட்டாளா? பொந்து காலி என்று மட்டும்தானே நினைத்தாள்!

'ஐயோ! ஒரே பொந்துக்கு இரண்டு இறகு வாங்கி வைத்துக்கொண்டு, யாராவது ஒருத்தர் வழியில் விழட்டும் என்றா நான் காத்துக்கொண்டிருந்தேன்?'

அவளுக்குக் கண்ணீர் முட்டியது.

"சாமி! நான் முதல்ல சொன்னதைக் காதுல வாங்காதே! அவங்க நல்லபடியா வந்து சேரட்டும். வந்தப்புறம் என்னைத் திட்டட்டும், அடிக்கட்டும். வந்தா போதும்!"

மத்தியானம் ஆயிற்று. வெயில் சாயத் தொடங்கியது. ஓடை தாண்டி 'ஹுஷ்... ஹுஷ்...' என்று காற்றைக் கிழிக்கும் சத்தம். பெரிய சிறகுகள்!

பொன்னலகன் முன்னால் வந்தான். முத்தரசி பின்னால், தாழப் பறந்து, தடுமாறி வந்து கிளையில் உட்கார்ந்தாள். மூச்சு இரைத்தது.

"வணக்கம் குங்கிலியம்மா! லேட் ஆயிடுச்சு. இவளுக்கு முட்டை பாரம். மலைக்கு மலை உட்கார்ந்து உட்கார்ந்து வந்தோம்" என்றான் பொன்னலகன்.

"வழியிலே ஒரு கழுகு துரத்திச்சும்மா" என்றாள் முத்தரசி. "முடியாதுன்னு கண்ணை மூடினேன். அப்போ உங்க வாசல்ல என் இறகு இருக்கேன்னு நினைச்சேன். ஒரு தைரியம் வந்துச்சு. இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ளே நான் உள்ளே போயிடணும். இனிமே தாங்காது."

குங்கிலியின் நாக்கு நுனியில் ஒரு பொய் தயாராக இருந்தது. 'கொஞ்சம் இருங்க, உள்ளே பூச்சி, சுத்தம் பண்ணிட்டிருக்கோம்.' அப்படி அரைநாள் ஓட்டலாம். அரைநாளில் முட்டை கிளையிலிருந்து விழுந்து உடையும்.

அவள் அந்தப் பொய்யை விழுங்கினாள்.

"உங்க இறகு வாசல்ல இல்லேம்மா. நான்தான் பிய்ச்சுட்டேன். ஒரே இடத்தை ரெண்டு பேருக்குச் சொல்லிட்டேன். தப்பு என்னோடது. சொர்ணம், வெளியே வாம்மா!"

சொர்ணம் தலையை நீட்டினாள். விஷயம் கேட்டாள். அவ்வளவுதான்! அந்த மரமே அதிர்ந்தது.

"என்னக்கா இது! கண்ணு, பொன்னுன்னு கூப்பிட்டு இறகை வாங்கினீங்களே! மூணு நாளா வைக்கோல் சுமந்து அவருக்கு அலகு தேய்ஞ்சு போச்சு! நாளைக்கு எனக்கு முட்டை. நான் எங்கே போவேன்? அன்னிக்கே இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஓடைக்கு அந்தப் பக்கம் எவ்வளவோ சின்னப் பொந்து இருந்துச்சே! இப்போ அதெல்லாம் நிரம்பிப் போச்சே!"

ஒவ்வொரு சொல்லும் நியாயம். குங்கிலி தலை குனிந்து நின்று கேட்டாள்.

"என் பொந்துக்குப் போயிடு" என்றாள் மெதுவாக. "வாய் சின்னது. உனக்கு அதுதான் பாதுகாப்பு. வைக்கோலை நானே சுமந்து போடறேன்."

"அப்போ நீங்க?"

"கிளையிலே இலைக்கூடு கட்டிக்கிறேன்."

சொர்ணம் திட்டுவதை நிறுத்தவில்லை. ஆனால் திட்டிக்கொண்டே மூட்டை கட்டினாள். குங்கிலி வைக்கோலைக் கவ்விக்கொண்டு மேலும் கீழும் ஓடினாள். பதினெட்டு நடை. ஓணான் சடையனும் ஒரு துரும்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். "ஒட்டுக் கேட்டதுக்குக் கூலி!" என்றான்.

பொழுது சாயும்போது முத்தரசி பெரிய பொந்துக்குள் போனாள். பொன்னலகன் கொண்டுவந்த மண்ணை வாங்கி வாங்கி வாசலை அடைத்தாள். கடைசியில் ஒரு கீறல் மட்டும் மிஞ்சியது. அதன் மேலே குங்கிலி முத்தரசியின் கறுப்பு இறகை மறுபடி ஒட்டினாள்.

அந்த மூன்று மாதமும் குங்கிலி பனியில் நனைந்தாள். கோடைமழையில் அவள் கூடு இரண்டு முறை பிய்ந்து போனது. ஒரு வார்த்தை முனகவில்லை. சின்னப் பொந்திலிருந்து மைனாக் குஞ்சுகள் பறந்தன. பெரிய பொந்தின் மண்சுவர் உடைந்து ஓர் இருவாச்சிக் குஞ்சு எட்டிப் பார்த்தது. குங்கிலி முதல் அத்திப்பழத்தைப் பறித்து வேர்மேட்டில் வைத்துக் கும்பிட்டாள்.

அடுத்த கார்த்திகை. ஐந்து வாசலிலும் இறகு ஏறிவிட்டது. அப்போது ஒரு மரங்கொத்தி வந்து உட்கார்ந்தது.

"குங்கிலியம்மா, ஒரு இடம் கிடைக்குமா?"

குங்கிலியின் வால் படபடத்தது. சடையன் கிளையிலிருந்து உற்றுப் பார்த்தான்.

"இ... இல்லேப்பா. எல்லாம் சொல்லியாச்சு."

சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இடி விழும் என்று நினைத்தாள்.

"அப்படியா! சரிம்மா. இப்பவே சொன்னீங்களே, புண்ணியமாப் போச்சு. ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டமரம் பார்த்தேன். தைக்கு இன்னும் நாள் இருக்கே, நானே குடைஞ்சுக்கிறேன்!" மரங்கொத்தி பறந்துவிட்டது.

குங்கிலி ஒரு கண்ணைத் திறந்தாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவேதான்!" என்று தலையை ஆட்டினான் சடையன்.

இடம் இல்லாதபோது இல்லை என்று அன்றைக்கே சொல்லிவிடுவதுதான் அன்பு. எல்லோருக்கும் இருக்கு இருக்கு என்று சொல்லி வைக்கிறவர், யாரோ ஒருவர் வந்து சேராமல் போகட்டும் என்று வேண்டிக்கொள்ள நேரும்.