புல்வெளிக்கு ஒரே சாட்சி

எர்வே பிரபு தோளில் சிலுவைத் துணியைத் தைத்துக்கொண்டு ஐந்து வாரம் ஆகிவிட்டது. ஜெருசலேமுக்குப் போக ஆள் தயார். குதிரைதான் தயாரில்லை.

அவருடைய பாட்டனார் சிலுவைப் போருக்குப் போய் வந்தவர். அப்பாவும் போனார், திரும்பவில்லை. இப்போது பெரியப்பா மகன்கள் மூவரும் வரும் வியாழக்கிழமை கிளம்புகிறார்கள். மொந்துவால் கோட்டையின் வாரிசான அவர் மட்டும் வீட்டோடு கிடந்தால் ஊர் என்ன பேசும்? அந்த நினைப்பிலேயே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஆற்றங்கரைப் புல்வெளியைக் கொடுத்தால் பக்கத்துக் கோட்டைக்காரர் ஒரு நல்ல போர்க்குதிரை தருவார். ஆனால் அந்தப் புல்வெளி முப்பது வருடமாக ஊர்த் துறவிகள் மடத்தின் கையில் இருந்தது. அப்பா போருக்குப் புறப்பட்ட அன்று மடத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனது. பிறகு மடத்தில் தீப்பிடித்துப் பத்திரம் எரிந்துபோனது. சாட்சிகள் ஒவ்வொருவராகச் செத்துப்போனார்கள். மிஞ்சியவர் ஒரே ஒருவர், எர்வே பிரபுவேதான்.

புல்வெளியைத் திரும்பக் கேட்டு அவர் போட்ட வழக்கு நாளை விசாரணைக்கு வருகிறது. புனிதரின் எலும்புகள் உள்ள பேழைமேல் கைவைத்துச் சத்தியம் செய்து, "எனக்கு எதுவும் நினைவில்லை" என்று சொன்னால் போதும். புல்வெளி திரும்பிவிடும்.

அதற்கு முன்னால் குருவின் ஆசி வேண்டும் என்று காட்டுக்கு வந்தார். அங்கே தனியாக வாழ்ந்த லாம்பெர் என்ற துறவிதான் குரு. எர்வேயைவிட ஆறு வயது இளையவர். ஆனாலும் அவர் முன்னால் பிரபுவுக்கு நாக்கு கொஞ்சம் தடுமாறும்.

குரு தேனீ வளர்க்கும் வைக்கோல் கூடைக்குச் சாணி பூசிக்கொண்டிருந்தார்.

"சுவாமி, ஐந்து வயதுப் பிள்ளைக்கு என்ன நினைவிருக்கும்?"

"எதைப் பற்றி?"

"அப்பா புல்வெளியைக் கொடுத்ததைப் பற்றி."

"அன்றைக்கு நீ அங்கே இருந்தாயா?"

"இருந்தேன்."

"அப்படியானால் உன்னை அறைந்திருப்பார்களே."

அந்தப் பக்கத்தில் அது ஒரு வழக்கம். நிலம் கைமாறும்போது வாரிசுப் பிள்ளையைக் கூட்டத்தில் நிறுத்தி, கன்னத்தில் ஓங்கி ஒன்று வைப்பார்கள். எழுத்து அழிந்தாலும் வலி நிற்கும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை.

"அறைந்தார்கள். அப்பாதான் அறைந்தார்."

"எந்தக் கன்னத்தில்?"

"இடது கன்னத்தில்," என்றார் எர்வே. சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது.

குரு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த கூடையை எடுத்துக்கொண்டார்.

"எனக்காகவா கேட்கிறேன், சுவாமி? கடவுளின் காரியத்துக்குத்தானே?"

"புல்வெளியை உன் அப்பா அப்போதே கடவுளுக்குக் கொடுத்துவிட்டார். நீ எதைக் கொடுக்கிறாய்?"

எர்வேக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. குருவின்மேல்தான் என்று முதலில் நினைத்தார். கொஞ்ச நேரம் அங்குமிங்கும் நடந்த பிறகு அது தன்மேல் என்று தெரிந்தது. அவமானமாக இருந்தது. திரும்பி வந்து குருவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"குதிரை இல்லாமல் போனால் பெரியப்பா மகன்கள் சிரிப்பார்கள்."

"சிரிப்பார்கள்."

"நடந்து போனால் ஒரு வருடம் ஆகும்."

"ஆகும்."

"ஆனாலும் போகாமல் இருக்க மாட்டேன்."

"இருக்காதே."

எர்வே எழுந்தார். "நினைவிருக்கிறது என்று நாளை எல்லார் முன்னாலும் சொல்கிறேன். மடத்துக்குப் புதிய பத்திரமும் எழுதிக் கொடுக்கிறேன். வியாழக்கிழமை நடக்க ஆரம்பிக்கிறேன்."

குரு தலையசைத்தார். எர்வே நாலு அடி போய் நின்றுவிட்டார்.

"புதிதாகப் பத்திரம் எழுதினால் என் மகனையும் கூட்டத்தில் நிறுத்த வேண்டும். நாலு வயதுதான் ஆகிறது. அவனை அறைய எனக்குக் கை வராது."

"ஏன்?"

"நானும் திரும்பி வராமல் போகலாம். என் அப்பாவின் முகம் எனக்கு நினைவில்லை, சுவாமி. அந்த அறை மட்டும்தான் இருக்கிறது. அவனுக்கும் அதுவே மிஞ்ச வேண்டுமா?"

குரு சாணிக் கையைப் புல்லில் துடைத்துக்கொண்டு முதல்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"அறைய வேண்டாம். அவனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொள். இவ்வளவு ஆசைப்பட்டதை நீ விட்டுக்கொடுக்கும்போது உன் முகத்தைக் கிட்டத்தில் பார்க்கட்டும். மறக்க மாட்டான்."